கதவு இறுகுகிற வீடு

என் அக்கா பெற்ற சிட்டுக்கு, உன் தாய்மாமன் நல்ல உடம்போடும் அதைவிட நல்ல வாயோடும் எழுதும் கடிதம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் பொடிசுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே நீ சிரிக்கிறாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை, "உங்க மாமாவை வீடு பாக்கச் சொன்னா அரண்மனை பாத்துட்டு வந்திருக்காரு" என்பது எனக்கு நன்றாகவே கேட்கிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் எழுதி முடிக்கும்வரை யாரும் குறுக்கே சிரிக்க முடியாது.

நீ கேட்டது ஒரே கேள்வி. "மாமா, வீடு பத்திரமான வீடுதானே? புள்ளைய வச்சுக்கிட்டு வரேன்." இப்போதிருக்கும் வீட்டில் தொட்டிலுக்குப் பக்கத்தில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்ததிலிருந்து நீ மேலே பார்த்தபடியேதான் தூங்குகிறாய் என்று அக்கா சொன்னாள். அடி அசடே, மாமன் இருக்கும்போது உனக்கு என்ன பயம்? அதற்காகத்தானே சாவியை வாங்கிய கையோடு நானே வந்து குடியேறிவிட்டேன். நீங்கள் வரும்வரை இந்த வீட்டை வாழ்ந்து பார்க்கிறேன். செருப்பு வாங்கினால் கடையிலேயே நாலு தப்படி நடந்து பார்க்கிறோம். வீட்டை மட்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதுமா? இந்த யோசனை இதுவரை எந்த அறிவாளிக்கும் தோன்றியதில்லை.

புறநகர் அடுக்குமாடியில் வாடகைக்கு வருகிறவள் என்னென்ன எதிர்பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன்தான். ஆனால் கட்டடம் என்று வந்துவிட்டால், இஞ்சினீயர்களே என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் மேஸ்திரியிடம் வாயைத் திறப்பார்கள்.

முதலில் சுவர். அதைச் சுவர் என்று நினைக்காதே, வேட்டியை விரித்துக் கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள். கீழ் வீட்டில் தையல்காரம்மா மிஷினை மிதித்தால் நம் வீட்டில் கரண்டி ஆடுகிறது. மேல் வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் தும்மினால் நான் இங்கிருந்து "நூறு" என்கிறேன், அவர் அங்கிருந்து "சரிய்யா" என்கிறார். தண்ணீர் காலையில் வரும். வரும்போது எழுந்து பிடிக்கிறவளே குடும்பப் பெண். லிப்ட் உண்டு. அதன் கதவில் 'பழுது' என்று ஒட்டிய காகிதம் மஞ்சள் பூத்துவிட்டது. படிக்கட்டு ஒடுக்கம், எதிரே ஆள் வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். பால்கனி ஓர் ஆளும் ஒரு துண்டும் நிற்குமளவு. அதையும் பால்கனி என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் வாடகை கேட்கிறார்.

ஆனால் கீழே வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்தாயானால் அசந்துவிடுவாய். தூண்களுக்கெல்லாம் புதிதாகக் கறுப்பு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். முகம் பார்த்துத் தலை வாரலாம். வாரினேன்.

ஒரே ஒரு குறை, வாசல் கதவு இறுகுகிறது. மழைக்காலம், மரம் ஊதியிருக்கிறது. மர ஜாமான் கடையில் தலைமை ஆசாரியாக இருந்தவன் வீட்டில் கதவு இறுகலாமா? பெட்டியிலிருந்து இழைப்புளியை எடுத்தேன். மேல் மூலையில் நாலு இழுப்பு. சுருள் சுருளாகச் சீவல் கொட்டியது. இப்போது ஒற்றை விரலால் தள்ளினால் பூ மாதிரி மூடுகிறது.

ஆகவே தைரியமாக லாரிக்குச் சொல்லிவிடு. பொடிசுக்கு என் முத்தம்.

உன் தாய்மாமன்

*

சிட்டுக்கு, கதவு டாக்டர் எழுதுவது. சிரிக்காதே, இங்கே எனக்கு அதுதான் பெயர்.

நம் கதவு பூ மாதிரி மூடுகிற செய்தி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. படியில் பார்த்தவர்களிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாளே தையல்காரம்மா வந்து நின்றார். "மாமா, எங்க வூட்டுக் கதவும் என் புருஷன் மாதிரிதான். பாதி வழில நின்னுக்கிட்டு, ஏன்னு கேட்டா பதிலே இல்ல. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றார். போனேன், இழைத்தேன், கதவு மூடியது. அந்தம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இவ்வளவு நாளும் இந்தக் கை எங்க இருந்துச்சு" என்று கேட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தம்மாவுக்கு, எனக்கல்ல.

அடுத்து மேலிருந்து டிரைவர். "யோவ், என் கதவு பிரேக் பிடிச்ச மாதிரி நிக்குதுய்யா. கிளட்ச் எங்கன்னு வந்து பாரு" என்றார். அங்கும் போனேன். பாவம், அவர் மனைவி இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறார். இடுப்பை மடக்கவே கூடாதாம், உட்கார வைக்கவும் முடியாது. நான் இழைக்க ஆரம்பித்ததும் உள்ளேயிருந்து, "அண்ணே, மெதுவா இழைங்க. ஏற்கெனவே வீடு முனகிக்கிட்டு கெடக்கு" என்றார். என்னம்மா சொல்கிறாய் என்றேன். "படுத்தே கெடக்கறவளுக்குத்தான் தெரியும். செவுத்துக்குள்ள யாரோ பல்லக் கடிக்கற மாதிரி ஒரு சத்தம்" என்றார். டிரைவர் என்னைப் பார்த்தார், நான் டிரைவரைப் பார்த்தேன். உடனே நான், முன்பு ஒரு பங்களாவில் சுவருக்குள்ளிருந்து சத்தம் கேட்டு, இடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்த கதையைச் சொன்னேன். அந்தம்மா சிரிக்கவில்லை.

மழை விட்டுவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மரம் காய்ந்து சுருங்க வேண்டிய நேரம். ஆனால் நம் கதவு மறுபடி இறுகியது. மறுபடி இழைத்தேன். தையல்காரம்மா கதவும் இறுகியது, அதையும் இழைத்தேன். மரம் என்றால் அப்படித்தான், பிடிவாதக் குழந்தை மாதிரி. நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தட்டில் கொஞ்சம் மணல் விழுகிறது. மேலே யாராவது நடந்திருப்பார்கள். தட்டை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டேன். கீழே மூலைத் தூணில் ஒரு டைல்ஸ் 'பட்' என்று தெறித்து விழுந்தது. வீட்டுக்காரரே வந்து, பசை தடவி ஒட்டிவிட்டு, அது காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், ஆள் வைத்துக்கொள்ளாமல் தானே செய்தார். ஏன் தானே செய்தார் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது.

நீ லாரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறு. ஒன்றுமில்லை, சும்மாதான் சொல்கிறேன். கொடுத்துவிட்டாய் என்றாலும் பரவாயில்லை. ஆனால் கொஞ்சம் பொறு.

உன் தாய்மாமன்

*

சிட்டு,

நேற்று போனில் நான் சொன்னதைக் கேட்டு நீ சிரித்தாய். உன்மேல் தப்பில்லை. ஓடுகிற ரயிலிலிருந்து நான் குதித்ததாகச் சொன்ன கதையையும், பஸ் சீட்டுக்கு அடியில் பாம்பு என்று நான் அலறி, கடைசியில் அது யாரோ கழற்றிப் போட்ட பெல்ட்டாக இருந்த கதையையும் கேட்டு வளர்ந்தவள் நீ. "மாமா சொல்றதுல பாதியத் தள்ளு, மீதியில பாதிய நம்பு" என்பது நம் வீட்டுச் சட்டம். ஆனால் போனை வைக்கும்போது, "ஞாயித்துக்கிழமை லாரி ஏறிடும் மாமா, பயமுறுத்தாதீங்க" என்றாயே, அப்போது உன் குரலில் சிரிப்பு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

டிரைவர் வீட்டுக் கதவு மறுபடி இறுகியது. இழைப்புளியோடு போனேன். சீவல் விழுந்தது. விழுந்த இடத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. நம் வீட்டில் நான் இழைத்ததும் இதே மூலை, சமையலறைப் பக்கத்து மேல் மூலை. தையல்காரம்மா வீட்டிலும் அதே மூலை. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வீடு, மூன்று கதவு, எல்லாம் ஒரே பக்கம். மரம் ஊதினால் அதற்கு இஷ்டமான இடத்தில் ஊதும், பேசி வைத்துக்கொண்டு ஊதாது. உடனே படிக்கட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போய், கதவு இறுகுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். யாருக்கும் இறுகவில்லை. "நல்லா இருக்கற கதவையும் இழைக்கணுமா உங்களுக்கு?" என்று கேட்டு ஒருத்தி சாத்தினாள். அழகாக மூடியது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஊதியது கதவு இல்லை, சிட்டு. கதவைத் தாங்கும் நிலைச்சட்டம்தான் கோணுகிறது. நம் பக்கம் கீழே இறங்குகிறது.

கீழே ஓடினேன். சமையலறைகளுக்கு நேர் கீழே நிற்கும் அந்த மூலைத் தூணில் வீட்டுக்காரர் ஒட்டியது போக இன்னும் சில டைல்ஸ் விழுந்து கிடந்தன. தூணில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு, இதை மறைக்கத்தான் அன்று அவர் ஆள் வைக்காமல் தானே ஒட்டியிருக்கிறார். உள்ளே கம்பி துருப்பிடித்து, உப்பி, வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. வெடிப்பில் என் சுண்டுவிரல் போகிறது. என் சுண்டுவிரல் எவ்வளவு தடி என்று உனக்குத் தெரியும், மோதிரம் மாட்டப் பார்த்து நீயே சலித்துப்போனவள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பெரியவரே, கட்டடம்னா நாலு கீறல் இருக்கும். உங்க மூஞ்சில இல்லையா?" என்றார். நான் விடவில்லை. கட்டட அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கேதான் காரியத்தைக் கெடுத்தேன். இஞ்சினீயர் முன்னால் உட்கார்ந்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. பதறினால் என் வாய் சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். ஆற்றுப்பாலம் கட்டியதில் எனக்கும் பங்கு உண்டு என்றேன். எந்தப் பாலம், எவ்வளவு ஆழத்தில் அஸ்திவாரம் என்று அந்தப் பையன் கேட்டான். நான் தென்னைமர உயரம் என்றேன். பக்கத்து மேஜைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் தூணைப் பற்றிச் சொன்ன எதையும் அவன் எழுதிக்கொள்ளவில்லை. "அடுத்த வாரம் அந்தப் பக்கம் வந்தா பாக்கறேன்" என்றான்.

திரும்பி வந்து தையல்காரம்மாவிடம் வீட்டைக் காலி செய்யுங்கள் என்றேன். அவர் எழுந்து, கதவை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். அது பூ மாதிரி மூடியது. "நீங்க இழைச்ச பிறகு ஒரு தொந்தரவும் இல்ல மாமா. இப்ப வந்து பயமுறுத்தினா எப்படி? உங்க கைய நீங்களே நம்பலையா?" என்றார்.

இந்த வீடு தன்னால் முடிந்தவரை கத்திப் பார்த்திருக்கிறது. நான்தான் போய்ப் போய் அதன் வாயை இழைத்து அடைத்திருக்கிறேன்.

நீ வராதே. இன்னும் எழுதுகிறேன்.

மாமன்

*

சிட்டு,

இந்தக் கடிதத்தில் தள்ள ஒன்றும் இல்லை. முழுசாக நம்பு.

நான் ஆசாரி இல்லை. மர ஜாமான் கடையில் சுமை தூக்கினவன். கதவு, கட்டில், பீரோ எல்லாவற்றையும் தோளில் வைத்து மாடி மாடியாக ஏற்றி இறக்கினவன். இழைப்புளி அங்கே ஓர் ஆசாரி விட்டுப்போனது. ரயிலிலிருந்து நான் குதிக்கவில்லை. படியில் வழுக்கி விழுந்தேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு எனக்கு வேண்டியது ஆசாரி வேலை இல்லை, சுமைக்காரன் வேலை. அது எனக்கு நிஜமாகவே தெரியும்.

சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும் நேற்று ஒரு காரியம் செய்தேன். கடைசி மெருகு போட வேண்டும் என்று சொல்லி, தையல்காரம்மா வீட்டு வாசல் கதவைக் கீலோடு கழற்றினேன். நம் வீட்டுக் கதவையும் கழற்றினேன். இரண்டையும் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து, தெருமுனையில் சைக்கிள் கடைக்காரர் கொட்டகையில் சாத்தி வைத்தேன். இனி இந்த இரண்டு கதவும் இறுகி யாரையும் உள்ளே பூட்டாது. அதோடு, கதவில்லாத வீட்டில் எவர் இருப்பார்? தையல்காரம்மா தெருவே கூடும்படி திட்டினார். "கதவு டாக்டராம் கதவு டாக்டர்! ஆபரேஷன் பண்ணி ஆளையே தூக்கிட்டாரு!" என்றார். திட்டிக்கொண்டே மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு இதுவரை யாரும் சொன்ன எந்தப் பாராட்டும் அந்தத் திட்டு மாதிரி இனித்ததில்லை.

கூட்டம் கூடியதில் படிக்கட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் இருப்பவர்களும் கீழே வந்து தூணைப் பார்த்தார்கள். பார்த்த கையோடு மாடிக்குப் போய்ப் பிள்ளைகளை இறக்கிக்கொண்டு வந்தார்கள். இன்று காலையில் அந்தப் பக்கம் முழுக்கக் காலி. வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை.

மீதி இருப்பது மேல் வீடு. டிரைவர் முதலிலிருந்தே என்னை நம்பினார். "ஓடற வண்டில சத்தம் மாறினா எனக்குத் தெரியும்யா. இந்த வீட்டோட சத்தம் மாறிடுச்சு" என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். "இவள எப்படிய்யா எறக்கறது? நீ வேணும்னா போ. நான் இவகூட இருந்துக்கறேன்" என்றார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஆகக் கூடாது என்றுதான் கூப்பிடுகிறோம் என்றேன். விளையாடாதீர்கள் என்று வைத்துவிட்டார்கள்.

நாற்காலியில் வைத்து இறக்க முடியாது, அந்தம்மா இடுப்பு மடங்காது. கட்டில் படி வளைவில் திரும்பாது. ஆனால் நம் வீட்டுக் குளியலறைக் கதவு ஒடுக்கமானது. கதவு எந்த வளைவில் எப்படித் திரும்பும், எங்கே தலைப்பக்கம் தூக்க வேண்டும், எங்கே சுவரில் சாய்த்து மூச்சு வாங்க வேண்டும் என்பது என் தோளுக்குத் தெரியும். அந்தக் கதவைக் கழற்றி மேலே கொண்டுபோய் மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் வார் கட்ட வேண்டும். அதற்குக் கெட்டித் துணி தேடி நான் சைக்கிள் கடைக்கு வந்தால், அங்கே தையல்காரம்மா மிஷினோடு உட்கார்ந்து வார் தைத்துக்கொண்டிருக்கிறார். மேல் வீட்டம்மாவை இறக்கப்போகிற சேதியை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்க சொன்னது பொய்யா இருந்தா கதவையும் நீங்கதான் மாட்டணும், என்கிட்ட திட்டும் நீங்கதான் வாங்கணும்" என்றார். பொய்யாக இருந்தால் ஆயுசுக்கும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அந்தம்மா அடுத்த வாரை எடுத்துத் தைத்தார்.

சைக்கிள் கடைக்காரரும் அவர் தம்பியும் கால்பக்கம் பிடிக்க வருகிறார்கள். தலைப்பக்கம் நான். டிரைவர் முன்னால் இறங்கி வழி சொல்வார். வார் தைத்து முடிவதற்குள் இதை எழுதுகிறேன். இப்போது வெயில் நன்றாக இருக்கிறது, படியில் வெளிச்சம் இருக்கிறது. கட்டடத்திலிருந்து சற்று முன் ஒரு சத்தம் வந்தது. எதைப் போல இருந்தது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சிட்டு. இந்த வரியை நான் யாருக்கும் எழுதியதில்லை.

போனில் சொன்னால் கதை என்பாய், ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும், லாரியைத் திருப்பி அனுப்பு. மாப்பிள்ளை கோபப்பட்டால் படட்டும். அக்கா வீட்டில் இடம் நெருக்கடி என்றால் நெருக்கிக்கொண்டு படுங்கள். இங்கே வராதே. என்னைப் பார்க்கவும் வராதே. நானே வருகிறேன், பொடிசைத் தோளில் தூக்கிக்கொள்ள இடம் வைத்திரு.

இனி நீ எந்த வீடு பார்க்கப் போனாலும் தூணைப் பார்க்காதே, டைல்ஸைப் பார்க்காதே, கூரையைப் பார்த்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கதவின் மேல் விளிம்பை மட்டும் விரலால் தடவிப் பார். யாரோ இழைத்த தடம் இருந்தால் திரும்பி வந்துவிடு. யாரும் இழைக்காமலேயே ஒற்றை விரலுக்குத் திறக்கிற, ஒற்றை விரலுக்கு மூடுகிற கதவுள்ள வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் உன் மகளும் நீடூழி இருக்க வேண்டும்.

வார் தயாராகிவிட்டதாம், கூப்பிடுகிறார்கள். சைக்கிள் கடைக்காரர் மனைவி இதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் மேலே போகிறேன்.

உன் மாமன்